தனுசின் நடுவே என் கோடுகள்

டிச. 8, 2008, திங்கள்
பனி. மூக்கண்டப்பள்ளியில் எதிர்வீடே தெரியவில்லை. இவருக்கு ஷிப்ட் இல்லை. கம்பெனியில் ஆர்டர் படுத்துவிட்டது. நான் மட்டும் பெங்களூர் பஸ். கண்டக்டர் கன்னடத்தில் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். அத்திப்பள்ளி தாண்டியும் நின்றபடியே.

பிஎச்.டி. ஆய்வுக்கான வரைபடம் முடியும் நிலை. தனுசு ராசிப் பக்கம் இருக்கும் பால்வீதி மையத்தில் காந்தப்புலம் எப்படி ஓடுகிறது என்பதுதான் படம். அதைக் கடந்து வரும் ரேடியோ அலையின் அதிர்வுத் திசை கொஞ்சம் திரும்பும். திரும்பியதை அளந்து புள்ளிக்கு ஒரு சிறு கோடு. நான்கு வருடக் கோடுகள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஓடுகிற தண்ணீர் மாதிரி.

டிச. 10, புதன்
வெயில். ஜலதோஷம். கடைசிச் சரிபார்ப்பு. கோடே விழக்கூடாத வேறொரு வான்பொருளை அதே கணக்கில் ஓட்டினேன். கோடுகள். அதே சாய்வு. மறுபடி ஓட்டினேன். அதே. டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

இவரிடம் சொல்லவில்லை.

டிச. 12, வெள்ளி
கைடிடம் காட்டினேன். மைசூர்க்காரர், என்னிடம் மட்டும் தமிழ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

"இது கேலக்ஸி இல்லம்மா. ஆன்டெனா. நம்ம ஆன்டெனாவோட கோணலைத்தான் இத்தனை நாள் வரைஞ்சிருக்கோம்."

"நீ வரைஞ்சிருக்க" என்று சொல்லவில்லை. அதற்கே அழுகை வந்தது.

"பழைய பதிவைத் திருத்த முடியாதா சார்?"

"அதுக்கு வேண்டிய அளவை அன்னிக்கே எடுத்திருக்கணும்."

"மறுபடி பார்த்தா?"

"மார்கழி வருது. சூரியனே தனுசுலதான் நிக்கும், அந்தப் பக்கம் பார்க்க முடியாது. அப்புறம் டெலஸ்கோப் நேரம் கேட்டு வாங்கறதுக்குள்ள உன் ஃபெல்லோஷிப் முடிஞ்சிடும்."

டிச. 14, ஞாயிறு
அவரைக்காய், ரசம். கேஸ் தீரும் போல. மாடியில் துணி காயப்போட்டபடி வீட்டுக்காரம்மா, "ஏம்மா, இன்னுமா படிக்கிற? எங்க பொண்ணு ரெண்டு பெத்துட்டா." சிரித்தேன். தலைவலி.

டிச. 16, செவ்வாய்
மார்கழி பிறந்தாயிற்று. கோயில் மைக் விடியலிலேயே. காப்பி குடிக்கும்போது இவரிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். இவருக்குச் சங்கரன்கோவில் பேச்சு இன்னும் போகவில்லை.

"யாருக்குத் தெரியப் போவுது? அப்படியே குடுத்திரலாம்லா?"

"எனக்குத் தெரியுமேங்க."

பத்து மணிக்குக் கைடுக்குப் போன். ஆய்வை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். "சரிம்மா." வேறேதாவது சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் இவராகவே படத்தைக் கேட்டார். பாயில் விரித்து, குனிந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதுல நாம எங்க இருக்கோம்?"

"நாம இதுல இல்லைங்க."