சேவலை அறுக்க ஓர் ஆள்

அத்பாஷி,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

பெக்தூரின் அப்பாவுக்கு,

ஸலாம். நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், சாரத்தில் ஏறும்போது மறக்காமல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பெக்தூர் பிடுங்கிக்கொள்கிறான். அவனிடமிருந்து திரும்ப வாங்குவதற்குள் நீங்கள் "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டுச் சினார் அக்காவின் மகள் விடிந்ததும் பிஷ்கெக் போய், அங்கிருந்து எல்லை தாண்டி நீங்கள் இருக்கும் சமாராவுக்குப் பஸ் ஏறுகிறாள். உலர்ந்த தயிர் உருண்டையும் கம்பளிக் காலுறையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். காலுறைக்குள் இந்தக் கடிதம் இருக்கும். பிள்ளை தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்குக் கோபம் வரக்கூடிய செய்தி. உங்கள் மாஸ்க்விச் காருக்குள் கோழி வளர்க்கிறேன். "திரும்பி வந்து எஞ்சின் மாத்துவேன், யாரும் தொடக் கூடாது" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. கோடை முழுக்க நானும் தொடவில்லை. ஆனால் குஞ்சுகள் பெரிதாகிப் பெட்டியைவிட்டு வெளியே குதிக்க ஆரம்பித்தன. வேலிக்கு வெளியே மரநாய். கூடு கட்ட மரமும் இல்லை, கட்ட ஆளும் இல்லை. முற்றத்தில் நான்கு பக்கமும் தகரம் போட்டு, மழை ஒழுகாமல் நின்றது அது ஒன்றுதான். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கம்பிவலை அடித்தேன். முன்சீட்டில் வைக்கோல் பரப்பினேன், பின்சீட்டைக் கழற்றிவிட்டு உட்காரக் கொம்பு கட்டினேன். சாவி உங்கள் சட்டைப்பையோடு சமாராவுக்குப் போய்விட்டதால் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறேன். சினார் அக்கா பார்த்துவிட்டு, "ஓடாத வண்டி முட்டையாவது போடுதே" என்றாள்.

எப்படி ஆரம்பித்தது என்று உங்களிடம் சொல்லவே இல்லை. மே மாதம் வேனில் குஞ்சு விற்பவன் வந்தான். "எல்லாமே பெட்டைதான் தங்கச்சி, ஒண்ணு சேவலா போனா என் மீசையை எடுத்துக்கோ" என்றான். வாங்கிவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் படித்தவளுக்கு வெப்பம் எப்படிப் பரவும் என்று தெரியாதா என்ற திமிர்தான். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டி, மேலே ஒரு பல்பு. அன்றைக்கே மின்சாரம் போயிற்று. குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன, அடியில் சிக்கிய இரண்டு செத்துப் போயின. பிறகுதான் சினார் அக்கா சுடுதண்ணீர் பாட்டிலைக் கம்பளித் துணியில் சுற்றி நடுவில் வைக்கச் சொன்னாள். அதைத் தாயென்று நினைத்து ஒட்டிக்கொண்டன. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் தூங்கி வழிந்து அதிலேயே முகம் குப்புற விழுந்துவிடும். தினையோடு அவித்த முட்டை, பொடியாக நறுக்கிய காஞ்சொறிக் கீரை, கொஞ்சம் தயிர். எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குஞ்சு கத்தினாலும் பயம், சத்தமில்லாமல் கிடந்தாலும் பயம். பெக்தூர் பிறந்த புதிதில் நான் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன், நீங்கள் சிரிப்பீர்களே, அதே கதைதான்.

மீசைக்காரன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் மீசை போதாது, பாதி சேவல். கொண்டை சிவந்ததுமே மற்றச் சேவல்களைச் சந்தையில் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வசந்தத்தில் அடைவைத்துக் குஞ்சு பொரிக்கலாம் என்ற எண்ணம். செம்பு நிறம், வால் கருப்பு. நல்ல அழகு. சாயங்காலம் மற்றதெல்லாம் பின்னால் கொம்பில் ஏறும், இவன் மட்டும் ஸ்டீரிங் மேல் ஏறி உட்காருவான். பெக்தூர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அப்பா எடத்துல ஒக்காந்திருக்கான்" என்பான். ஆரம்பத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது.

பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. முதல் முட்டைக்கு ஓடே இல்லை, வெறும் தோல். சுட்ட முட்டை ஓட்டை நொறுக்கித் தீவனத்தில் கலந்தேன், சரியாகிவிட்டது. பெக்தூர் தினமும் ஒரு முட்டை சாப்பிடுகிறான். கன்னத்தில் சதை வந்திருக்கிறது. நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சேவல் பெக்தூரைக் கொத்திவிட்டது. பயப்படாதீர்கள், கண்ணுக்குக் கீழே. ஒரு விரல் மேலே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும். முட்டை எடுக்க வண்டிக்குள் கை விட்டிருக்கிறான். இது முதல் தடவை இல்லை, ஏற்கெனவே முழங்காலில் கீறியிருக்கிறது. சேவலின் கால்முள்ளை நீங்கள் பார்க்க வேண்டும். விற்றுவிடலாமே என்பீர்கள். யார் வீட்டில் குழந்தை இல்லை? என் பிள்ளையைக் கொத்தியதை இன்னொரு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அறுக்க வேண்டியதுதான்.

ஆனால் அறுக்க ஓர் ஆண் ஆள் வேண்டுமே. சேவலைப் பைக்குள் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதலில் கஸ்மாலி தாத்தா. அவர் கையை நீட்டிக் காட்டினார், தேநீர்க் கிண்ணம் பிடித்தாலே பாதி தரையில்தான். "நான் அறுத்தா சேவல் பொழச்சிக்கும் மகளே, என் வெரலு போயிடும்" என்றார். கத்தியை மட்டும் வாங்கி மடியில் வைத்துத் தீட்டிக் கொடுத்தார். "பிடிக்கத்தான் ஆகாது, தீட்ட ஆகும்." அங்கிருந்து பள்ளிக்கூட இலியாஸ் ஆசிரியர் வீடு. அவர் வாசலுக்கு வருவதற்குள் அவர் மனைவி மறித்துக்கொண்டாள். "இவரா? போன குர்பான் பெருநாளுக்கு ஆட்டைப் பார்த்துட்டு இவரு விழுந்தாரு. ஆட்டை விட்டுட்டு இவருக்குத் தண்ணி தெளிச்சோம்." உள்ளேயிருந்து அவர், "அது வெயிலுடி" என்றார். "டிசம்பர்ல வெயிலு" என்றாள் அவள். பைக்குள்ளிருந்து சேவல் கூவியது. நான் அந்த வாசலில் நின்று சிரித்துவிட்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். கத்தி பிடிக்கத் தெரிந்த கையெல்லாம் அங்கே செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறது.

சினார் அக்கா வேறு வழி சொன்னாள். "பெக்தூர் கையில கத்தியக் கொடு. மேல ஒன் கைய வச்சு நீ அழுத்து. ஆம்பளப் பிள்ள கை பட்டா போதும், எங்க பக்கமெல்லாம் இப்ப அப்படித்தான்." அவள் சொல்லி முடிக்கவில்லை, இவன் ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்து நின்றான். "குடும்மா, நான்தானே இருக்கேன்" என்றான். கண்ணுக்குக் கீழே இன்னும் அந்தக் காயம், அதன்மேல் நான் தடவிய பச்சை மருந்து. நேற்றுவரை அந்தச் சேவலுக்கு ரொட்டி ஊட்டியவன். நான் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அவன் குழந்தை அக்கா. இந்த வீட்டு ஆம்பள சமாராவில இருக்காரு" என்றேன்.

சினார் அக்கா என்னைப் பார்த்தாள். "இருக்காரா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், வேறு பேச்சு பேசினாள். அவள் மகள் அங்கேயேதான் வேலை செய்கிறாள், அதே நகரத்தில். கோடையில் ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் எல்லாம் பேசினாள், உங்களைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன தடவை நீங்கள் பேசும்போது பின்னால் ஒரு பெண்மணி சாப்பிடக் கூப்பிட்டார். நல்ல குரல். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பெண் அறுக்கக் கூடாது என்று மார்க்கத்தில் இல்லை. நான் படித்துப் பார்த்துவிட்டேன், பிஸ்மில்லா சொல்லத் தெரிந்த எந்தக் கையும் அறுக்கலாம். ஆனால் நம் ஊர் வழக்கம் வேறு, வீட்டில் ஆண் உள்ளவள் கத்தி எடுக்க மாட்டாள். இந்தத் தெருவில் கத்தி எடுத்த பெண்களை உங்களுக்கும் தெரியும். ஒருத்தி சயாரா, அவள் புருஷன் சவப்பெட்டியில் திரும்பி வந்தான். இன்னொருத்தி மேலத்தெரு தாழ்கான். அவள் புருஷன் உயிரோடுதான் இருக்கிறான், ஆனால் அவன் வருவான் என்று அவள் வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டாள். அவர்கள் கத்தி எடுத்த அன்றைக்கு ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புரிந்துகொண்டார்கள்.

அதனால் நான் எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை. சேவல் முற்றத்தில் கூடைக்கு அடியில் இருக்கிறது, மேலே கல் வைத்திருக்கிறேன். பெக்தூர் தூரத்தில் நின்று தினை வீசுகிறான். தாத்தா தீட்டிய கத்தி அலமாரிக்கு மேலே துணியில் சுற்றியிருக்கிறது. ஒரு சேவலுக்குத் தீனி போடுவது எனக்குப் பெரிய பாரமில்லை. ஆனால் கூடைக்கு அடியிலேயே எதையும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. இறகு கொட்டுகிறது, கூவுவதும் குறைந்துவிட்டது.

வசந்தத்தில் கேட்டபோது செப்டம்பர் என்றீர்கள். செப்டம்பரில் கேட்டபோது பனிக்கு முன்னால் என்றீர்கள். போன வாரம் "பாக்கலாம்" என்றீர்கள். மலையுச்சி வெளுத்துவிட்டது, ஊருக்குள் இறங்க அதிக நாள் ஆகாது. முதல் பனி முற்றத்தில் விழும்வரை காத்திருக்கிறேன். வந்தீர்களானால் வண்டியை ஒரே நாளில் காலி செய்து கழுவித் தருவேன். சேவலை நீங்கள் அறுங்கள், நான் நூடுல்ஸ் போட்டுக் குழம்பு வைக்கிறேன், உங்களுக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் நிறையப் போட்டு. பெக்தூர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட மட்டும் வரட்டும்.

வரவில்லையென்றால் அதைச் சொல்ல போன் செய்ய வேண்டாம். என் கை நடுங்காது, கூழாங்கல்லும் சுடுதண்ணீருமாக இந்த வருஷம் நிறையப் பழகிவிட்டது. நானே பிஸ்மில்லா சொல்லிவிடுவேன்.

அல்லாஹ் உங்களை உயரத்திலிருந்து விழாமல் காப்பாற்றட்டும். உங்கள் வழி வெளிச்சமாக இருக்கட்டும், அது எந்தப் பக்கம் போகிற வழியாக இருந்தாலும்.

பெக்தூரின் அம்மா,
ஜிபெக்