சத்தம் போடாத காப்பு

இஞ்சாரும்,

இன்று காலை பக்கத்து வளவுப் புறொக்டரோடு மதிலுக்கு மேலாலே சண்டை பிடித்தேன். நீர் உயிரோடு இருந்திருந்தால் என்னை உள்ளே இழுத்திருப்பீர். மனுசன் கோட்டுக்குப் போய் வழக்குப் பேசுவதை விட்ட கையோடு புதுக் கோல்ஃப் மட்டைகள் வாங்கிவந்து, விடியவே எழும்பி வளவுப் புல்லைக் கிளறிக்கொண்டு நிற்கிறார். தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தேன். மட்டை பந்தைவிட்டு ஒரு சாண் நகரவில்லை, அதற்குள் வலது கையைத் திருகி மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். என் வாய் சும்மா இருக்குமா?

“ஐசே, பந்துக்கு வேர் இல்லை! ஏன் திருகிறீர்?” என்று கத்திவிட்டேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். கத்தி முடித்த பிறகுதான் அது என்னுடைய வசனம் இல்லை என்று எனக்கே உறைத்தது. நீர் எனக்குச் சொன்ன வசனம் அது. இதே வளவில், குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபடி சொன்னீர்.

வெள்ளைக்காரன் காலம். பொரளைப் பக்கத்துக் கோல்ஃப் கிளப்பில் எங்கள் ஆட்களை ஒன்றிரண்டாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பல் டாக்குத்தர் என்றபடியால் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. அங்கே பழக்கிய வெள்ளைக்காரன், “இடது கையை நீட்டு, வலது கையை மறந்துவிடு” என்றான். வலது கையை எப்படியப்பா மறப்பது? சோறு தின்கிற கை, பல் பிடுங்குகிற கை. பல்லை நேரே இழுத்தால் முறிந்துவிடும். குறட்டால் பிடித்து மெல்லத் திருகி வேரை இளக்க வேண்டும். நாள் முழுக்கக் கிளினிக்கில் செய்ததையே என் கை பின்னேரம் திடலிலும் செய்தது. மட்டையை எடுக்கத் தொடங்கும்போதே முன்கை திருகும், மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்து வலப்பக்கம் வளைந்து பற்றைக்குள் போகும். நான் பந்தைத் திட்டுவேன், காற்றைத் திட்டுவேன், அந்த வெள்ளைக்காரனின் பரம்பரையையே திட்டுவேன்.

“பந்துக்கு வேர் இல்லையப்பா, ஏன் திருகிறியள்?” என்றீர் நீர்.

எனக்கு வந்ததே கோபம்! “உமக்கென்ன தெரியும்? இந்தாரும், நீரே அடியும் பாப்பம்” என்று மட்டையை நீட்டினேன்.

நீர் கை கழுவிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தீர். வலது கையில், கலியாணத்துக்கு உம்முடைய அம்மா போட்டுவிட்ட தங்கக் காப்புகள். மட்டையை ஓங்கியதும் பாத்திர அலுமாரி சரிந்தது போல ஒரு சத்தம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. மட்டையைத் தரவும் இல்லை. மெதுவாக ஒரு தரம் பின்னால் எடுத்தீர், நின்று காது கொடுத்துக் கேட்டீர், திரும்பவும் எடுத்தீர். மீன் சட்டியைப் பூனை கொண்டுபோனது கூட உமக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, “கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ” என்றீர். கேட்டேன். ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு ‘சளக்’. உடனேயே பந்தில் மட்டை பட்ட சத்தம். கண்ணைத் திறந்தால் பந்து மதிலைத் தாண்டித் தண்டவாளப் பக்கம் போய்விட்டிருந்தது.

“கையைத் தொங்கவிட்டா காப்பெல்லாம் மணிக்கட்டிலை வந்து அடுக்காக் கிடக்குது. முன்கையைத் திருகாம, மட்டையும் கையும் ஒண்டாப் புல்லை ஒட்டினபடி பின்னாலை போனா ஒரு காப்பும் அசையாது. மட்டை இடுப்புக்கு வந்தாப் பிறகுதான் முழங்கை மடங்கோணும். அப்ப எல்லாம் சேந்து ஒருக்காத்தான் சறுக்கும். அதுக்கு முந்திச் சத்தம் கேட்டா, நான் திருகிப்போட்டன் எண்டு அர்த்தம்.”

எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்! நானும் முயன்று பார்த்தேன், சரிவரவில்லை. “உங்களுக்கும் ரெண்டு காப்புப் போட்டுவிடட்டோ?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடினீர்.

அதற்குப் பிறகு பெண்கள் விளையாடும் நாட்களில் உம்மையும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உலக யுத்தம் முடிந்த கையோடு மலைநாட்டுத் தோட்டத் துரைசானிமாரோடு ஒரு போட்டி வைத்தார்கள். எங்கள் கிளப் அணியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல். உம்முடைய ஆட்டத்தைப் பார்த்திருந்த யாரோ உம்முடைய பெயரைச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பெண்களில் அதுவரை ஒருவரையும் அவர்கள் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு ஏதும் பிசகினால் இனிக் கூப்பிடவும் மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்.

தொடங்க முதல், பெண்கள் அணித் தலைவி விறாந்தைக்கு வந்தா. “அந்த வளையல்களைக் கழற்றிவிடுங்கள். மற்றவர்களுக்குத் தொல்லை. இவ்வளவையும் போட்டுக்கொண்டு யாராலும் ஒழுங்காக மட்டை வீச முடியாது. கழற்ற விருப்பமில்லையென்றால் வேறு ஆளைப் போடுகிறேன்” என்றா.

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். நீர் கண்ணாலேயே என்னை இருத்தினீர். பிறகு உம்முடைய கன்னியர்மடத்து இங்கிலிஷில், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னீர்: “இவற்றோடுதான் நான் விளையாடுவேன். எதிரில் விளையாடுபவர் ஒரு தரம் முறைப்பட்டாலும் போதும், ஆட்டத்தை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.” தலைவி உம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றா.

“ஏனப்பா இந்த வீம்பு? தோத்தா என்ன செய்யிறது?” என்று காதுக்குள் கேட்டேன்.

“நீங்கள் குத்துக்கல்லா இருக்கேக்க நான் ஏன் வெறுங்கையோடை நிக்கோணும்? அது ஒண்டு. மற்றது, இதுகள் இல்லாட்டி என்ரை கை என்ன செய்யுதெண்டு ஆர் எனக்குச் சொல்லுறது?”

“நான் சொல்லுறன்.”

“நீங்களோ!” என்றீர். அந்த ஒரு சொல்லோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்.

எதிரில் ஒரு தோட்டத் துரையின் மனைவி, நல்ல உயரம், நல்ல அடி. அவ அடிக்கும்போதெல்லாம் நீர் இடது கையால் வலது கைக் காப்புகளைப் பொத்திக்கொண்டு, மூச்சும் விடாமல் நின்றீர். ஒருவர் முந்த மற்றவர் பிடிக்க, கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். மற்ற ஆட்டங்களும் சரிபாதியாக முடிந்திருந்தபடியால் எல்லோரும் அங்கே வந்து கூடிவிட்டார்கள். குழிக்கு முன்னால் குறுக்கே ஒரு அகலமான கான், நிறையத் தண்ணீர். துரைசானி பந்தைக் கானுக்கு அப்பால் பத்திரமாகப் போட்டுவிட்டா. இனி உம்முடைய முறை. திருகினால் பந்து தண்ணீருக்குள்.

என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நல்லூர்க் கந்தனைக் கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காது கேட்காமல் போய்விடும் என்று பயம். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ‘சளக்’, ஒரே ஒரு தரம்.

“போச்சுது, நல்லாப் போச்சுது!” என்று பந்தைப் பார்க்க முதலே கத்தினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் திடுக்கிட்டுப் போனான். பந்து கானைத் தாண்டி, குழிக்குக் கிட்ட விழுந்து, நாய்க்குட்டி மாதிரிப் படுத்துக்கொண்டது. மிச்சத்தை நீர் ஒரு தட்டில் முடித்தீர். துரைசானிக்கு இரண்டு தட்டுத் தேவைப்பட்டது.

அவ நேரே வந்து உம்முடைய வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. முறைப்பாடு சொல்லப்போறாவோ என்று நான் கிட்ட ஓடிவந்தேன். “இவற்றை எங்கே வாங்கலாம்?” என்று கேட்டா. “செட்டியார் தெருவில்” என்றீர். அணித் தலைவி வந்து கை கொடுத்தா. அடுத்த வருஷப் போட்டிக்கு அவவே எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குக் கார் அனுப்பி உம்மைக் கூப்பிட்டா, கூடவே எங்கள் பெண்கள் இன்னும் இருவரை. நீர் வென்ற அன்றைக்கே கொட்டாஞ்சேனையில் உம்முடைய அம்மா வீட்டுக்குப் போய், நான் கையைக் காலை ஆட்டி முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். “காப்பு நெளியேல்லைத்தானே?” என்று மட்டும் மாமி கேட்டா. எனக்கு அன்றிரவு நித்திரையே இல்லை. அவ்வளவு பெருமை. உமக்குச் சொன்னால் தலைக்கனம் பிடிக்கும் என்று பேசாமல் கிடந்தேன். இப்போது சொல்கிறேன்: அவ்வளவு பெருமை.

போன மாதம் பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். குடையோடு நின்ற ஒரு சிங்களக் கிழவர் என்னையே உற்றுப் பார்த்தார். என்னிடம் பல் பிடுங்கியவரோ என்று நினைத்தேன். இல்லை, முந்தி கோல்ஃப் திடலில் புல் வெட்டியவராம். “வளலு நோனாவின் மாத்தயா நீங்கள்தானே?” என்று கேட்டார். வளலு என்றால் காப்பு. காப்புத் துரைசானியின் புருசன்! திடலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் தங்களுக்குள் உம்மை அப்படித்தான் சொல்வார்களாம். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. காலி வீதிக் கிளினிக் வாசலில் அத்தனை வருஷம் பெயர்ப்பலகையில் தொங்கிய என் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

“ஓம், நான்தான்” என்றேன். என்னுடைய பஸ் வந்தது. அவர் இன்னொருக்கால் கேட்பாரோ என்று, அதைப் போகவிட்டுவிட்டு நின்றேன்.