பனி கிடக்கும் காலத்துக் கதை

ரொம்மன்
15 ஜூன் 2025

திரு. ரகு அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தொலைபேசியை நீங்கள் எடுக்காததால் எழுதுகிறேன்.

நேற்று ஸ்ட்ரோம்மன் விழாவில், நட்சத்திரம் காட்டும் உங்கள் காற்றடைத்த கூடாரத்துக்குள், எமிலியாவின் சப்தரிஷி மண்டலக் கதையைச் சொன்னீர்கள். அவர் எழுந்து வெளியே போனதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நம் மூவர் குழுவில், வட அமெரிக்கப் பூர்வகுடியான அனிஷினாபே பெண் அவர் ஒருவர்தான். கதைகள் அவருடைய மக்களுடையவை. உங்களுடையது நட்சத்திரத் திரை, என்னுடையது விஞ்ஞானப் பாடம். நிலத்தில் பனி கிடக்கும்போது மட்டுமே இந்தக் கதைகளைச் சொல்லலாம் என்று முதல் நாளே அவர் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். இல்லாவிட்டால் அவர் போய்விடுவார். அவர் இல்லாமல் குழு என்று ஒன்று இல்லை.

தக்ஷாயினி

ஸ்ட்ரோம்மன்
17 ஜூன்

தக்ஷாயினி மேடம்,

உத்தரவு கிடைத்தது. இரவிலும் வெளிச்சம் அடங்காத ஜூன் மாத ஒஸ்லோவில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட இருட்டு ஏது? அந்த இருட்டை உண்டாக்கியவன் நான். திரையில் பனியும் கொட்டவைத்தேன். "படம் ஓடுது, கதை எங்க சார்?" என்று ஒரு தகப்பன் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா?

உங்கள் ஒழுங்கும் தெரியும். ஏப்ரலில் ரொம்மன் தமிழ் வகுப்பில் இதே கதையைச் சொன்னீர்கள். என் மகள் ஹரிப்ரியா வந்து ஒப்பித்தாள். அப்போது எந்தப் பனி கிடந்தது?

ரகு

ரொம்மன்
19 ஜூன்

ரகு,

ஓம், சொன்னேன். பனியும் கிடந்தது. வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் ஒதுக்கிவிட்ட கறுத்த குவியல், என் முழங்கால் உயரம். படமெடுத்து அனுப்பி, இது போதுமா என்று எமிலியாவிடம் கேட்டேன். உருகுவதற்குள் சொல்லி முடி என்று சிரித்தார். பதினாறு பிள்ளைகளை அதைச் சுற்றி நிற்கவைத்துச் சொன்னேன். "மிஸ், காலு ஜில்லுன்னு இருக்கு" என்று முதலில் சிணுங்கியது உங்கள் ஹரிப்ரியாதான்.

நான் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லை. எமிலியா நேற்று விலகிவிட்டார். நானும் விலகுகிறேன்.

தக்ஷாயினி

ஸ்ட்ரோம்மன்
21 ஆகஸ்ட்

மேடம்,

செப்டெம்பரில் பியோர்ண்டாலில் ஒரு பள்ளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். எமிலியா கதை சொல்லிப் பதிவுசெய்த குரல் என் கணினியில் இருக்கிறது. அதை ஓடவிட்டு நடத்திக்கொள்வேன். உங்கள் இருவர் தயவும் எனக்குத் தேவையில்லை.

ரகு

ரொம்மன்
25 ஆகஸ்ட்

பள்ளிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நிகழ்ச்சி கிடையாது. அந்தக் குரலை அழியுங்கள். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

த.

ஸ்ட்ரோம்மன்
22 நவம்பர்

தக்ஷாயினி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று காலை பனி விழுந்து நிலத்தில் தங்கிவிட்டது. ஹரிப்ரியா பால்கனியில் நின்றுகொண்டு, "அப்பா, இப்ப அந்தக் கதையச் சொல்லலாம்ல?" என்றாள். கதை எனக்கு மனப்பாடம். சொல்ல வாய் வரவில்லை. "கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

குரலைச் செப்டெம்பரிலேயே அழித்துவிட்டேன். என் செய்திகளுக்கு எமிலியா பதில் போடுவதில்லை. நீங்கள் கேட்டுச் சொல்வீர்களா? ஜூனில் நான் செய்தது தப்பு. அதையும் சொல்லுங்கள்.

ரகு

ரொம்மன்
26 நவம்பர்

ரகு,

இரண்டையும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் குடியிருப்பு முற்றத்தில் எமிலியா பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். ஹரிப்ரியாவைக் கொண்டுவந்து விடுங்கள். தடித்த சப்பாத்துப் போட்டுவிடுங்கள், பனியில்தான் நிற்பார்கள்.

நீங்கள் காரிலேயே இருங்கள். கண்ணாடியை முழுதாக ஏற்றிவைக்கும்படி அவர் சொல்லச் சொன்னார்.

தக்ஷாயினி