பாதையை நிறுத்திய இடம்

வெள்ளவத்தை,
09.03.1997

அன்புள்ள அருந்ததிக்கு,

நான் சுகம். நீரும் உமது தம்பி வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உமது கடிதம் கனடாவிலிருந்து வந்து சேர இருபத்தாறு நாள் பிடித்தது. இடையில் பிரித்துச் சோதித்தவர்கள் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

அங்கே சக்கர நாற்காலியிலேயே கடைக்கும் பூங்காவுக்கும் போய்வருவதாக எழுதியிருந்தீர். கொழும்புக்குத் திரும்பினால் எங்கள் மாடி வீட்டின் இரண்டு அறைக்குள்தானே கிடக்க வேண்டும், எதற்கு வர என்றும் கேட்டிருந்தீர். அந்த வரியை வாசித்த அன்று நான் சமைக்கவில்லை.

பாமன்கடைக்கு அப்பாலுள்ள சதுப்பு நிலம் உமக்கு மறந்திராது. பஸ் விபத்தில் உமது கால்கள் வழங்காமல் போன பிறகும் அங்கே போனோம். உம்மை ஓட்டோவில் இருத்திவிட்டு, நான் மட்டும் உள்ளே போய்க் கொக்குக் கூடுகளைப் பார்த்துவந்து கதை சொன்னேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு எனக்கு.

இப்போது சனங்கள் போய்ப் பார்ப்பதற்கு அங்கே பலகைப் பாதை போடப் போகிறார்கள். வரைபட வேலை எங்கள் கந்தோருக்கு வந்தது. நானே கேட்டு வாங்கினேன். கூடுகள் உள்ள மரங்கள் வரைக்கும், நாற்காலி உருளும் அகலத்தில், ஒரு படிகூட இல்லாமல் வரைந்தேன். ஏன் இவ்வளவு அகலம் என்று மேலதிகாரி கேட்டார். சனம் கூடும் என்று பொய் சொன்னேன். அந்தப் படத்தை உமக்கு அனுப்பி, இதற்காகவாவது வாரும் என்று எழுத இருந்தேன்.

சென்ற வாரம் அளவெடுக்கப் போனோம். தமிழன் கையில் வரைபடமும் அளவு நாடாவும் இருந்தால் விடுவார்களா? ஆமிக் காவலரணில் ஒரு மணித்தியாலம் மறித்துவிட்டார்கள். கூட வந்த கந்தோர் நண்பர் ஹமீட் சிங்களத்தில் மன்றாடித்தான் என்னை மீட்டார்.

மரத்தடிக்குப் போனதும் கொக்குகள் எல்லாம் எழும்பிவிட்டன. நாங்கள் நின்ற நேரம் முழுக்க ஒன்றும் இறங்கவில்லை. குஞ்சுகள் வெயிலில் கிடந்து கத்தின. மூன்றைக் காகங்கள் கொண்டுபோயின. இரண்டு பேர் போனதற்கே இந்தப் பாடு. ‘பாதை போட்டு முடியக்குள்ள பாக்க ஒண்டும் மிஞ்சாது ஐயா’ என்றார் ஹமீட்.

அன்றைக்கே பாதையை மரங்களுக்கு நூற்றைம்பது யார் தூரம் முன்னால் நிறுத்தி வரைந்து கொடுத்துவிட்டேன். சுணங்கினால் மனம் மாறிவிடும் என்ற பயம். மேலதிகாரியும் கையெழுத்து வைத்துவிட்டார். பாதை முடிகிற இடத்திலிருந்து பார்த்தால் கூடுகள் தெரியா. குஞ்சுகளின் சத்தம் கேட்கும், பின்னேரம் கொக்குகள் திரும்புவது தெரியும், அவ்வளவுதான்.

செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் உம்மை இன்னொரு முறை வெளியில் நிறுத்திவிட்டேனே என்பதைத் தாங்க முடியவில்லை. உமக்கு இதை மறைத்துவிட்டு இந்த வீட்டில் தனியே இருக்கவும் முடியவில்லை.

குளிருக்குக் கால்களைப் போர்த்திக்கொள்ளும். உணர்வில்லைத்தானே என்று அப்படியே விடாதேயும்.

அருந்ததி, பாதை முடிகிற இடத்தைத் தாண்டி இனி நானும் போகமாட்டேன். நீர் வந்தால் இரண்டு பேரும் அங்கேயே இருப்போம். வராவிட்டாலும் நான் தாண்டமாட்டேன்.

என்றும் உமது,
வரதராசா