பூ வைக்க வந்தவள் கழுத்தைத் தடவினாள்

என் வயிற்றில் பிறந்த மலருக்கு,

நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. இது அழுதுகொண்டு எழுதுகிற கடிதம் இல்லை. அழுது முடித்துவிட்டேன், கோபம்தான் மிச்சம். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுவதால் பிழை இருக்கும். நம் சொந்தக்காரர்கள் கையில் கிடைத்தால் படிக்கட்டும். பிழை கண்டுபிடிப்பதற்காகவாவது முழுதாகப் படிப்பார்கள்.

சேதி இதுதான். உன் அண்ணன் சேகர், உன் மகள் அபியை மருமகளாக்க மாட்டானாம்.

எந்தச் சேகர்? அபி பிறந்த அன்றைக்கு, ‘என் மருமக பொறந்துட்டா’ என்று தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தவன். அவள் பெரியவளானபோது தாய்மாமன் சீரைத் தலையில் சுமந்து வந்து, ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இவள் என் வீட்டுக்குத்தான், என் மகன் கார்த்திக்குத்தான் என்று சொன்னவன். அன்று அவன் கட்டியிருந்த வேட்டிக் கரையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்ன வார்த்தை அவனுக்குத்தான் ஞாபகம் இல்லை.

வைகாசியில் உன் அண்ணி பூ வைக்க வந்தாள். ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஒரே ஒரு தடவை வந்து, வாசற்படியைத் தாண்டாமல், கொண்டுவந்த ஆப்பிளை எட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாளே, அவள்தான். அபியை உட்காரவைத்துத் தலையில் மல்லிகையைச் சூட்டினாள். சூட்டிய கை அங்கேயே நின்றிருக்கலாம். காதுக்குக் கீழே இறங்கியது, கழுத்தின் இரண்டு பக்கமும் அமுக்கியது, தாடைக்கு அடியில் போனது. நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிறவன்கூட மாட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

அபி தலையைத் திருப்பாமலேயே கேட்டாள்: “என்னங்கத்தை, ஏதாச்சும் கெடச்சுச்சா?”

உன் அண்ணி சிரித்து மழுப்பினாள். எட்டாம் நாள் ஆள் மூலம் சேதி வந்தது. ஜோசியர் வேண்டாம் என்கிறாராம். தாயாருக்கு வந்தது பிறவிக் கோளாறாம், மகளுக்கும் வருமாம், அதற்கு ரிப்போர்ட்டே சாட்சியாம்.

ஜோசியருக்கு உன் ரிப்போர்ட் எப்படித் தெரியும்? இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கொண்டுபோய்க் காட்டியவள் நான்தான், மலரு.

திருச்சியில் அந்த டாக்டரம்மா நம்மை உட்காரவைத்து விளக்கியது ஒரு வார்த்தை விடாமல் என் தலையில் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாற்பத்தாறு நூல் மாதிரி குரோமோசோம் இருக்கிறது என்றார்கள். உன் கழுத்துக் கட்டியிலிருந்த செல்லில் பதினாலாம் நூலும் பதினெட்டாம் நூலும் அறுந்து, துண்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டது. அதனால் சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. பேனாவால் இரண்டு கோடு போட்டு, அறுத்து, மாற்றிக் காட்டினார்கள். “இது பொறக்கும்போதே வந்ததில்லம்மா. பெரியவங்களான பெறகு அந்தக் கட்டிக்குள்ள நடந்தது. நீங்க குடுத்ததும் இல்ல, உங்க பேத்திக்குப் போறதும் இல்ல” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

டாக்டர் சொன்னது காதில் இருந்தது. பயம் வயிற்றில் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை உன் ஜாதகத்தோடு அந்த ரிப்போர்ட்டையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனேன். உனக்கு ஆயுள் எவ்வளவு என்று கேட்கத்தான் போனேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புரிந்தவன் போலப் புரட்டினான். பதினாலும் பதினெட்டும் வீடு மாறி உட்கார்ந்திருக்கிறது, கிரகப் பரிவர்த்தனை, பெண் வழியில் தொடரும் என்றான். அவன் பொருத்தம் பார்த்துக் கட்டிக்கொடுத்த அவன் சொந்த மகள் மூன்றாம் மாதமே பெட்டியோடு திரும்பி வந்தவள். அது தெரிந்தும் அவன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தேனே, என்னை எதால் அடிப்பது? அந்த வாய்தான் பிறகு உன் அண்ணி காதில் ஓதியிருக்கிறது.

உன் பக்கத்துக் கட்டில் ரபியத்தை ஞாபகம் இருக்கிறதா, கோட்டைப்பட்டினத்துக்காரி? அவளுக்கு வேறு மாதிரி ரத்தப் புற்று. ஒன்பதும் இருபத்திரண்டும் இடம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தையே குறி வைத்து அடிக்கிற மாத்திரை இருப்பதால் தினமும் அதைப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். உனக்கு அப்படி ஒரு மாத்திரை வாய்க்கவில்லை. போன மாதம் அவள் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. மாத்திரை போட்டாச்சா என்று சம்பந்தியம்மாதான் தினம் போன் போட்டுக் கேட்கிறாராம். அங்கே அப்படி. நம்முடைய ரத்த சம்பந்தம் இப்படி.

சேகர் வீட்டுக்கு, அன்னவாசலுக்குப் பஸ் ஏறினேன். உன் அண்ணன் கூடத்தில் இருந்தான். கார்த்தி போனைத் தேய்த்துக்கொண்டு சுவரோரம் நின்றான். அத்தை மகளைப் பற்றிப் பேச்சு வருகிறது, நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குக் கழுத்து வலித்தது.

“நான் என்ன ஆத்தா பண்றது? குரோமோசோம்லயே கோளாறுங்கறாக. பரம்பரையா வர்றதாமே” என்றான் சேகர்.

“யாரு பரம்பரைடா? மலரு எந்த வயித்துல பொறந்தா?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“அவளுக்கு மூணு வருசம் முந்தி நீயும் அங்கிட்டுதான் கெடந்த. பரம்பரைன்னா மொதல்ல ஒன் கழுத்தக் காட்டு, ஒம்பொண்டாட்டி தடவிப் பாக்கட்டும். அப்புறம் ஒம்மகனோடத.”

மலரு, நான் பொய் சொல்லவில்லை. அவன் கை தானாகவே அவன் தாடைக்கு அடியில் போனது. என் முன்னால், வீட்டில் எல்லாரும் பார்க்க, தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த ஒரு நொடி பெற்ற வயிறு இரங்கியது. அடுத்த நொடியே, தங்கச்சி செத்தபோது வராத பயம் இப்போது எப்படி வருகிறது என்று காறித் துப்பத் தோன்றியது.

உன் அண்ணிதான் வழி சொன்னாள். “பெரியவுக கோவப்படாதீங்க அத்தை. அபிக்கு ஒரு டெஸ்ட் எடுத்து, ஒண்ணுமில்லன்னு பேப்பரக் கையில குடுத்துட்டா நாங்க ஏன் வேணாங்கப் போறோம்?”

எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஒரு பேப்பரோடு முடிந்தால் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இந்தப் பேச்சு வெளியே பரவினால் வேறு எந்த வீட்டிலிருந்தும் அவளைக் கேட்டு வர மாட்டார்களே என்ற பயம். அபி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னேன்.

அவள் பேனாவை மூடிவைத்தாள். “அம்மாவுக்கு மாறுனது அம்மாவோட கட்டிக்குள்ள. அத என் ரத்தத்துல தேடுனா என்ன கெடைக்கும் அம்மாச்சி? இன்னைக்குப் பேப்பர் கேப்பாக. நாளைக்கு எனக்கு ஒரு காச்சல் வந்தா இன்னொரு பேப்பர் கேப்பாக. நான் அந்த வீட்ல பொழைக்கவா, பாஸாகவா?”

மறுநாள், பூ வைத்தபோது அவர்கள் கொடுத்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து விடுகிறேன் என்று கார்த்தி வண்டியை எடுத்தானாம். நடந்தே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாயா, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயா?

இப்போது கீரனூரிலிருந்து ஒரு வரன் வருகிறது. அடுத்த புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். தரகர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: தாயார் எப்படிப் போனார் என்று கேட்டால் நெஞ்சுவலி என்று சொல்லிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இரண்டு வருடம் ஊசியும் மருந்துமாக நீ பட்ட பாட்டை, ஒரு நாள் நெஞ்சுவலி என்று அழித்துவிட வேண்டுமாம். அவரை உட்காரவே சொல்லவில்லை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். புதன்கிழமை அவர்கள் வந்து உட்கார்ந்ததும், அபி வெளியே வருவதற்கு முன்னால், நானே சொல்வேன். என் மகளுக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய் என்று முழுப் பெயரையும் சொல்வேன். டாக்டரம்மா போட்ட இரண்டு கோட்டையும் போட்டுக் காட்டுவேன். அதற்கு மேலும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியைக் கொட்டிவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்க்க எனக்கு இன்னும் கையில் தெம்பு இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
உன் மகளுக்கு அம்மாச்சி.