ஆட்சேபணைப் படிவம்

ஜூன் 4

என் பொடிசுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் நான்கு நாளாகச் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறேன். போனில் கேட்கலாம் என்றால் உன் அத்தான் டீவியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் ஓரகத்தி எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதை மறந்துவிட்டாயா? யாருக்கோ வைத்த பிரிவுபசார விருந்தில், "எப்ப டாக்டர் கல்யாணம்?" என்று கேட்டார்களாம். நீ பளிச்சென்று, "எனக்கு வீட்ல ஆள் இருக்கு. நம்ம எக்ஸ்ரே ரூம்ல இருக்காளே, அவதான். ஏழு வருஷமாச்சு" என்றாயாம்! எனக்குத் தெரியும், அது வேறு. தெரிந்ததை எல்லாம் மைக் வைத்துச் சொல்ல வேண்டுமா?

நீ பிரசவம் பார்க்கிறவள். பெண்கள் உன்னிடம் வரத் தயங்கினால் பதினைந்து வருட உழைப்பு என்னாவது? இங்கே என் மகளுக்கு ஏழாவது மாதம். அவள் மாமியார் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். தமாஷுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அதோடு போகட்டும்.

கோபமாகவும் பிரியமாகவும்,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் எங்கள் நிர்வாக அதிகாரியும் பேசிவைத்துக்கொண்டீர்களா? அவரும் இதையேதான் சொன்னார். "தமாஷா சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க டாக்டர், முடிஞ்சுபோச்சு."

எழுதித் தர முடியாது என்றேன். உடனே என்னைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு மாதம் வெளிநோயாளிகளை மட்டும் பார்க்க வேண்டும். வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு படிவம் கொடுத்து, என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஆட்சேபணை உண்டா இல்லையா என்று கையெழுத்து வாங்கப் போகிறார்கள். நிறைய ஆட்சேபணை வந்தால் பிரசவ வார்டு எனக்கு இல்லை. டோக்கன் கொடுக்கிற இடத்தில் குசுகுசுவென்று கொடுப்பதாக இருந்தது. அந்த வேலையை நானே செய்கிறேன், எதற்கு என்றும் நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பயமாக இல்லையா என்று கேட்காதே, இருக்கிறது. அந்த வார்டு போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வீட்டில் இருப்பவளைத் தமாஷ் என்று என்னால் எழுத முடியாது அக்கா. நாளைக்குத் தொடங்குகிறோம்.

உன்,
பொடிசு


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, இதை வைத்துக்கொண்டிருக்க முடியாமல் எழுதுகிறேன்.

முதல் நாள் உள்ளே வந்த முதல் பெண்ணுக்கு எட்டாவது மாதம். மனப்பாடம் பண்ணியதையெல்லாம் மறந்துவிட்டுப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு ஆபரேஷனா டாக்டர்?"

எங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணியிடம் கையெழுத்து கேட்டாலே ஆபரேஷன்தான் என்பது எனக்கோ அந்த அதிகாரிக்கோ தோன்றவே இல்லை! வெளியே காத்திருந்த நாற்பது பெண்களுக்கும் கிலி பிடித்துவிட்டது. ஒருத்தி தன் அம்மாவுக்கு போன் போட்டு அழுகிறாள். கதவைத் திறந்துபோட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "யாருக்கும் ஆபரேஷன் இல்லம்மா! நான் வீட்ல ஒரு பொண்ணோட வாழறேன். புருஷன் பொண்டாட்டி எப்படி இருப்பாங்களோ அப்படி. அதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேக்கறாங்க. அவ்வளவுதான்."

முதல் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோதானா? உசுரே போயிடுச்சு எனக்கு. பேனா குடுங்க" என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கூட இருந்த நர்ஸ் உட்பட. ஒரு பெண் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அக்கா, பதினைந்து வருடத்தில் அந்த நாற்காலியில் நான் நிம்மதியாக மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

உன்,
பொடிசு


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உனக்கு ஆட்சேபணை என்றால் அதையாவது எழுது.

ஒரு மாதம் முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் ஆட்சேபணை உண்டு என்று வந்தது மூன்று. அதில் ஒன்றில், "டாக்டர் ரொம்ப நேரம் காக்க வைக்கிறார்" என்று காரணம் எழுதியிருக்கிறது. அது நியாயம்தான்.

அதிகாரி படிவக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, நாளையிலேர்ந்து வார்டுக்குப் போங்க" என்றார். நான் நகரவில்லை. இனி எந்த டாக்டரின், எந்த நர்ஸின் வீட்டைப் பற்றியும் நோயாளியிடம் கேட்கக் கூடாது என்று எழுதித் தந்தால்தான் போவேன் என்றேன். ஏதேதோ மழுப்பிப் பார்த்தார். வார்டு நர்ஸ்கள் ஏழு பேர் வாசலில் வந்து நின்ற பிறகு எழுதிக் கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை பிரசவ வார்டில் முதல் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றி, நீலமாக வந்தது. அரை நிமிஷம் கழித்துக் கத்தியது பார், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு!

ஜெயித்துவிட்டேன் அக்கா. உன்னிடம் சொல்லாமல் அது முழுதாகவில்லை.

உன்,
பொடிசு


ஜூலை 20

எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் உனக்குத்தான். பொடிசு பிடுங்கிப் படித்தால் படிக்கட்டும்.

ஒன்றரை மாதமாக நான் ஏன் எழுதவில்லை தெரியுமா? என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கோழைத்தனம். போன ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தியம்மா வந்தார். வந்ததும் வராததுமாக, "உங்க தங்கச்சி ஒரு பொண்ணோட குடித்தனம் பண்றாங்களாமே?" என்றார். சொல்ல வேண்டிய பொய்யை ஒரு மாதமாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு. "ஆமா. பண்றா. உங்களுக்கு ஆட்சேபணையா? இருந்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க!"

உன் அத்தான் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

அந்த அம்மாள், "எதுக்கு இந்தக் கோவம்? அவங்க கையில பொறந்தா பயமில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம பொண்ணுக்கு அவங்களே பாப்பாங்களான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? ஊரே தாண்டிப் போன இடத்தில் நான் ஒருத்திதான் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மகளோடு வருகிறேன். பிரசவம் ஆகிற வரை உங்கள் வீட்டில்தான் தங்கல். சமையலறையை என்னிடம் விட்டுவிடுங்கள். பொடிசுக்குச் சமைக்கத் தெரியாது என்பதை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட நீ தெய்வம்.

ஏழு வருடத்தில் அவளுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட உன்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. தப்புதான். மன்னித்துவிடு. இப்போது விசாரிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் அம்மா?

உங்கள் இரண்டு பேருக்கும்,
அக்கா