அடுக்களையின் பின் ஜன்னல்

திரூர்
3 பிப்ரவரி 2001

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். முனிசிபாலிட்டி ஓவர்சியர் சார் நம் புது வீட்டுக்குப் பின்னால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்ததைத்தான் இன்று முதலில் கவனித்தேன். நேராக நடக்க அங்கே இடமில்லை.

"ஏன் இத்தா, பிளான்ல ஒரு அடுக்களைதானே இருக்கு?" என்றார்.

"அது விருந்தாளிங்க பாக்குறதுக்கு சார். மீன் பொரிக்க இது," என்றாள் உம்மா.

சார் சிரித்தார். டேப்பை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "வேலிக்கு இவ்வளவு ஒட்டிக் கட்டக்கூடாது. இடிக்கணும். இல்லேன்னா பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் எழுதித் தரணும். அதுவரைக்கும் வீட்டு நம்பர் கிடையாது."

நம்பர் இல்லாமல் கரண்ட் தர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அண்ணன். என்ன செய்யட்டும்?

உங்கள் மகள்
ஜுமைலா


சலாலா, ஓமன்
19 பிப்ரவரி 2001

அன்பு மகளுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இடிக்கச் சொல். பாகம் பிரித்த அன்று நாலு பேர் முன்னால் என்னைக் கைநீட்டிப் பேசியவர் அவர். அவர் வாசலில் நம் ஆள் யாரும் போய் நிற்க வேண்டாம். விளக்கெரியும் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் முடியுங்கள். வேளைக்குச் சாப்பிடு.

வாப்பா
பீரான்


திரூர்
8 மார்ச் 2001

அன்புள்ள வாப்பா,

கோபிக்காதீர்கள். இடிக்க வந்தவர்களுக்குச் சாயா கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். எட்டாம் கிளாசோடு நின்ற நான், வெளி ஆண்களிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

அந்த அடுக்களை ஜன்னல் வழியாகத்தான் உம்மாவும் பக்கத்து வீட்டு மூத்தம்மாவும் கறி மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் வேலி இடுக்கு வழியாக. போன லீவில் நீங்கள் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கல்லுமக்காய்ச் சிப்பி, மூத்தம்மா பொரித்தது.

ஜுமைலா


சலாலா
25 மார்ச் 2001

மகளே,

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டை உன் உம்மா எனக்குத் தெரியாமலே ஊட்டியிருக்கிறாள். இடிக்க வேண்டாம். நான் சொன்னதாக மட்டும் அங்கே சொல்லாதே.

வாப்பா


திரூர்
20 ஏப்ரல் 2001

அன்புள்ள வாப்பா,

சம்மதப் பத்திரத்தை உம்மா ஜன்னல் வழியாக நீட்டினாள். உள்ளேயிருந்து மூத்தாப்பாவின் குரல் கேட்டது: "யாரு கேக்கச் சொன்னா? அவனா?"

"இல்ல மூத்தாப்பா, நான்தான்," என்றேன்.

"ஆமா, அவனுக்கு எங்கே வாய் வரும்! அந்தச் செவுத்த இடிக்கிற சத்தம் என் காதுல விழக்கூடாது. பேனா கொண்டா ஆயிஷூ," என்று மூத்தம்மாவிடம் சொன்னார்.

கையெழுத்து வந்தது. ஓவர்சியர் சார் பார்த்துவிட்டு, "சரி. ஆனா வேலிய ஒட்டின செவுத்துல ஜன்னல் இருக்கக்கூடாது," என்றார். கொத்தனார் கடைசிக் கல்லை வைக்கும் முன், மூத்தம்மா கையை விட்டு எங்கள் கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள்.

நேற்று வீட்டு நம்பர் கிடைத்தது.

இன்று அயிலைக் கறி. உம்மா கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு, அடைத்த சுவரைப் பார்த்து நின்றாள். நான் அதை வாங்கிக்கொண்டு, முக்காட்டைச் சரி செய்து, ரோடு வழியாகச் சுற்றிப் போய் மூத்தாப்பா வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன்.

ஜுமைலா